சும்மா இருக்கக் கற்கும் குட்டி

போன இதழில் போகிற போக்கில் 'இதை எழுதும்போது மைனா என் காலடியில் குறட்டை விடுகிறாள்' என்று ஒரு வரி எழுதிவைத்தேன். யார் அந்த மைனா என்று கேட்டு மேசை நிறையக் கடிதங்கள். மைனா 7 மாதக் கருப்பு லாப்ரடார். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்றின் குட்டி. அங்கே பயிற்சிக்குப் போகும் வயது வரும்வரை என் வீட்டில் வளர்கிறாள். அவளுக்கு முன்னால் ஜூனோ, அதற்கும் முன்னால் ராக்கி. கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். வழிகாட்டி நாய்க்குட்டி ஒன்றை வளர்த்துக் கொடுக்க ஆசை. ஆனால் நாய் பழக்கிய அனுபவம் துளியும் இல்லை. சாலையைக் கடப்பது, தடைகளைச் சுற்றிப் போவது இதையெல்லாம் குட்டிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். அது வளர்ப்பவர் வேலை இல்லை. சாலை ஓரத்தில் நிற்பது, தடையைச் சுற்றுவது, கதவைக் கண்டுபிடிப்பது எல்லாம் பள்ளியில் பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் பழக்குபவை. குட்டி 7, 8 வாரத்தில் நம் கைக்கு வரும். ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் திரும்பிப் போகும். நடுவில் நாம் கற்றுக்கொடுக்க வேண்டியவற்றில் தலையானது, சும்மா இருப்பது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலையில் இருக்கும் ஒரு வழிகாட்டி நாயின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கிற நேரம் கொஞ்சம். மிச்ச நேரமெல்லாம் அலுவலக மேசைக்கு அடியில், பேருந்து இருக்கைக்கு அடியில், மருத்துவமனை வராந்தாவில் படுத்துக்கிடப்பதுதான். தட்டு கீழே விழுந்து உடைந்தாலும், பக்கத்தில் குழந்தை வீறிட்டாலும் எழுந்து ஓடக் கூடாது. பார்வையற்றவர் ஒருவர் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கும்போது நாய் காலைச் சுற்றிக்கொண்டு நின்றால், அது எவ்வளவு அழகாகச் சாலையைக் கடந்தாலும் அவருக்குத் தலைவலிதான்.

இந்த நிதானத்தைப் பள்ளிக்குப் போன பிறகு ஊட்டிவிட முடியாது. பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து 12, 14ஆவது வாரம்வரை குட்டி எதைப் பார்த்தாலும், எதைக் கேட்டாலும் 'உலகம் இப்படித்தான் போலிருக்கிறது' என்று ஏற்றுக்கொள்ளும். அந்தப் பருவம் கடந்தபின் முதன்முதலாகச் சந்திக்கும் எதன் மீதும் முதலில் சந்தேகம்தான் வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்றோடு சேர்ந்து வேலை செய்த கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கர் இதைக் கணக்கெடுத்தே காட்டினார். ஒரே மாதிரிச் சோதனைகளில் தேறிய குட்டிகளில், உடனே வீடுகளுக்குப் போனவை நன்றாக வந்தன. கொட்டிலிலேயே கூடுதல் வாரங்கள் தங்கியவை பின்தங்கின. பிரிட்டனில் 1956இல் குட்டிகளை வீடுகளில் வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். இன்று பெரும்பாலான பள்ளிகளின் வழி அதுதான்.

சரி, சும்மா இருக்க எப்படிக் கற்றுக்கொடுப்பது? ஒரு நாற்காலியில் உட்காருங்கள். குட்டி நிற்கவும் படுக்கவும் போதுமான நீளம் விட்டு லீஷை, அதாவது பிடித்து நடத்தும் வாரை, காலால் மிதித்துக்கொள்ளுங்கள். பிறகு குட்டி என்று ஒன்று இருப்பதையே மறந்தவர்போல ஏதாவது படியுங்கள். முதலில் லீஷைக் கடிக்கும். அப்புறம் உங்கள் செருப்பு வார். அப்புறம் முகத்தைப் பார்த்து ஒரு சிணுங்கல். நீங்கள் பக்கத்தைப் புரட்டுங்கள். எழும், சுற்றும், உட்காரும், மறுபடி எழும். கடைசியில் இடுப்பை ஒரு பக்கமாகச் சரித்து, மூக்கு வழியாக ஒரு பெருமூச்சு விட்டு, தாடையைத் தரையில் வைக்கும். அந்தப் பெருமூச்சுக்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள். சத்தம் காட்டாமல் குனிந்து, முன்னங்கால்களுக்கு நடுவே அதன் தீவனத்தில் ஒரு மணியை வையுங்கள். வாயால் 'சபாஷ்' வேண்டாம், எழுந்துவிடும். முதல் நாள் சில நிமிடம் போதும். வீட்டில் வந்த பிறகு வாசலில், வாசலில் வந்த பிறகு பேருந்து நிறுத்தத்தில்.

இருவரும் வேலைக்குப் போவதைப் பற்றி: சின்னக் குட்டியைக் காலையில் விட்டுவிட்டு மாலையில் வந்து பார்ப்பது நடக்காது. முதல் சில மாதம் பகலில் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது குட்டியோடு வர உங்கள் அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லை என்றால், வளர்ப்பவர்கள் ஊருக்குப் போகும்போதோ உடம்பு சரியில்லாதபோதோ சில நாட்களுக்கு மட்டும் குட்டியை வைத்துக்கொள்ளும் வீடுகளும் பள்ளிகளுக்குத் தேவை. அதில் ஆரம்பியுங்கள். உங்களுக்கு இது ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: 8 வாரக் குட்டி வந்து சில நாட்கள் ஆகின்றன. வெளியே கூட்டிப்போனால் புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. உள்ளே வந்ததும் விரிப்பின் மேல் போகிறது. சொன்னவுடன் சிறுநீர் கழிக்கப் பழக்க வேண்டும் என்கிறார்கள் பள்ளியில். இது நடக்கிற காரியமா?

பதில்: நடக்கும். நாயைப் பழக்கும் முன் நீங்கள் பழக வேண்டும், அவ்வளவுதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இவை தவிர விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவையும் வெளியே. எப்போதும் ஒரே இடம், எப்போதும் லீஷோடு. நீங்கள் ஓரிடத்தில் நின்றுகொள்ளுங்கள், குட்டி உங்களைச் சுற்றி வரட்டும். கொஞ்ச வேண்டாம், பேச வேண்டாம், உங்களைவிடச் சலிப்பான பொருள் அங்கே வேறெதுவும் இருக்கக் கூடாது. குட்டி குந்தியதும், அது போய்க்கொண்டிருக்கும்போதே, பள்ளி சொன்ன சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு துண்டு தீவனம், அப்புறம் விளையாட்டு. குந்துவதற்கு முன்னாலேயே அந்தச் சொல்லை ஜெபம்போல உருப்போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். 'புல்லை முகர்' என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று குட்டி முடிவுகட்டிவிடும். சில வாரங்களில் சொல் முன்னே வரும், காரியம் பின்னே வரும்.

ஏன் இத்தனை பாடு என்றால், நாளை இந்த நாயை வைத்திருப்பவர் அதைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை. நாய் எங்கே போனது என்று தெரிந்தால்தான் அவரால் சுத்தம் செய்ய முடியும். அவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாய் சுற்றி வந்து நின்றதும் லீஷ் வழியாகக் கையைக் கொண்டுபோய் அதன் முதுகைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதுகு வில்லாக வளைந்திருந்தால் மலம், நேராகச் சரிந்திருந்தால் சிறுநீர். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் கைக்குத் தெரிந்துவிடும். பாதத்தை அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு, பையைக் கையுறைபோல மாட்டி எடுத்துவிடுவார்கள். கண் தெரிந்த பலர் எடுக்காமல் நடையைக் கட்டுகிற உலகத்தில்தான் இதுவும் நடக்கிறது.

விரிப்பைக் கொஞ்ச காலத்துக்குச் சுருட்டி வைத்துவிடுங்கள். உள்ளே போய்விட்டால் திட்டுவதில் பயனில்லை. உங்கள் கண்முன்னால் போகக் கூடாது என்று மட்டும் புரிந்துகொள்ளும், அப்புறம் வெளியிலும் போகாது.

கேள்வி: எங்கள் மஞ்சள் லாப்ரடார் குட்டிக்கு எவ்வளவு போட்டாலும் பசி அடங்குவதில்லை. கீழே கிடப்பதெல்லாம் வாய்க்குள். போன வாரம் தொண்டைக்குள் விரலை விட்டு ஒரு பாட்டில் மூடியை எடுத்தேன். பள்ளி கொடுத்த அளவு போதவில்லையோ?

பதில்: அளவு போதும். பசிதான் போதாது என்று சொல்லும். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாப்ரடார்களிடம் ஒரு மரபணுக் குறையைக் கண்டுபிடித்தார்கள். பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு காணவில்லை. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போகும் பாதையில் வேலை செய்கிற மரபணு அது. சுமார் கால்வாசி லாப்ரடார்களுக்கு இந்தக் குறை இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்த உதவி நாய்களில் ஏறக்குறைய முக்கால்வாசிக்கு இருந்தது. 2024இல் இன்னொன்றும் சொன்னார்கள்: இந்த நாய்களுக்கு இரண்டு வேளைக்கு நடுவே பசி அதிகம் என்பதோடு, ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியும் கால் பங்கு குறைவு.

உதவி நாய்களில் ஏன் இவ்வளவு? தீவனத்தைக் காட்டிப் பழக்கும்போது தீனிக்காக எதையும் செய்யும் நாய்தான் சீக்கிரம் கற்கும். அப்படிக் கற்ற நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் பசியும் கூடவே வந்துவிட்டது என்பது என் ஊகம். ஆக, உங்களுக்குத் தொல்லை தரும் அந்தப் பசியேதான் உங்கள் கையிலிருக்கும் கருவியும்.

தட்டில் போடுவதைக் குறைத்து, அன்றைய அளவிலிருந்தே ஒரு கைப்பிடியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுத் தரையில் நீங்களே சில துண்டுகளைப் பரப்பி, லீஷோடு குட்டியை அந்த வழியாக நடத்துங்கள். மூக்கு கீழே போனால் நின்றுவிடுங்கள். லீஷைச் சுண்ட வேண்டாம், வெறுமனே நில்லுங்கள். தலையைத் தூக்கி உங்களைப் பார்த்த அந்த நொடி, இடது தொடைக்குப் பக்கத்தில் கையிலிருந்து ஒன்று கொடுங்கள். தரையில் கிடப்பது எனக்கில்லை, கையிலிருந்து வருவதுதான் எனக்கு என்பது இப்படித்தான் ஊறும். இடது பக்கம் என்று குறித்துச் சொல்வதற்குக் காரணம், வழிகாட்டி நாய் நடக்கிற பக்கம் அது.

வாயில் எதையாவது கவ்விவிட்டால் விரலை விட்டுப் பிடுங்காதீர்கள். பிடுங்கப் பிடுங்க, அடுத்த தடவை இன்னும் வேகமாக விழுங்கும். அதைவிட நல்ல ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம், மாத்திரைகள் இவற்றில் எது உள்ளே போயிருந்தாலும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பார்வையற்றவருக்கு நாய் எதை விழுங்கியது என்றே தெரியாமல் போகலாம் என்பதால்தான் பள்ளிகள் இந்த விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு.

சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு துணுக்குகூட வேண்டாம். குட்டியைவிட விருந்தாளிகளைப் பழக்குவதுதான் கஷ்டம். 'பாவம், பார்த்துக்கொண்டே இருக்கிறதே' என்று ஆரம்பிப்பார்கள். அது பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 10 வயது. சிக்னலில் சிவப்பு விழுந்திருக்கிறதா பச்சை விழுந்திருக்கிறதா என்று வழிகாட்டி நாய்க்கு எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது, தம்பி! நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரியும், சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே நிறம் மாதிரிதான். அதனால் எப்போது கடப்பது என்று முடிவு செய்வது நாய் இல்லை, அதைப் பிடித்திருப்பவர். அவர் காதால் முடிவு செய்கிறார். குறுக்கே போன வண்டிச் சத்தம் நின்று, தன் பக்கவாட்டில் நிற்கும் வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டால் வழி விட்டாயிற்று என்று அர்த்தம். 'முன்னே போ' என்று சொல்வார்.

இப்போதுதான் நாயின் சாமர்த்தியம். அவர் போகச் சொன்ன பிறகும், ஒரு கார் திடீரென்று திரும்பி வந்தால் நாய் நகராது. சொன்ன பேச்சைக் கேட்காது. வரும் வண்டி ரொம்ப நெருங்கிவிட்டால் குறுக்கே நின்று அவரைப் பின்னாலும் தள்ளும். மற்ற நேரமெல்லாம் சொன்னதைச் செய்ய வேண்டும், ஆபத்து என்றால் மட்டும் செய்யக் கூடாது. எது எப்போது என்று நாயேதான் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளியில் பயிற்சியாளர் ஒருவர் நாயோடு நடக்க, இன்னொருவர் காரை ஓட்டிக்கொண்டு வேண்டுமென்றே குறுக்கே வருவார். அப்படித்தான் பழக்குகிறார்கள். மின்சாரக் கார்கள் வந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது, ஏனென்றால் அவை மெதுவாக வரும்போது சத்தமே கேட்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் விற்கும் புதிய மின்சாரக் கார்கள் எல்லாம் மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒரு சத்தம் எழுப்பியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், உன் வகுப்பில் போய்ச் சொல். தாழ்வாகத் தொங்கும் மரக்கிளை நாய்க்கு முட்டாது. அது குனியாமலே அடியில் போய்விடும். முட்டப்போவது பக்கத்தில் வருபவர் நெற்றி. அதனால் தன்னைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயரமான ஓர் ஆள் தன்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று கணக்குப் போட்டு நடக்க நாய் கற்றுக்கொள்கிறது.

முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரத்தில் தொடங்கியது, முதல் உலகப் போரில் கண் இழந்த சிப்பாய்களுக்காக. பிறகு 1928இல் மோரிஸ் ஃபிராங்க் என்ற அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்து போய், பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு பயிற்சி பெற்றுத் திரும்பினார். நியூயார்க்கில் கப்பல் இறங்கியதும் நிருபர்கள் சூழ்ந்துகொண்டு, வண்டிகள் தாறுமாறாக ஓடும் ஒரு பெரிய சாலையைக் கடந்து காட்டு என்றார்கள். பட்டி கடத்திக் கூட்டிப்போனது. ஃபிராங்க் தன் பயிற்சிக்கு ஏற்பாடு செய்த டோரதி யூஸ்டிஸ் அம்மையாருக்கு ஒரே ஒரு சொல்லில் தந்தி அடித்தார்: வெற்றி. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பள்ளி தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி: பந்து எறிந்து விளையாடலாமா? சோபாவில் ஏற்றலாமா?

பதில்: பல பள்ளிகள் இரண்டுக்கும் தடை. பந்தைக் கண்டால் பித்துப் பிடிக்கும் நாய், சாலையில் உருண்டு போகும் எந்தப் பந்தின் பின்னாலும் ஆளை இழுத்துக்கொண்டு போகும். வளரும் மூட்டுக்கும் அந்தத் திடீர்த் திருப்பங்கள் நல்லதில்லை. கயிறு இழுத்து விளையாடுங்கள், தீவனத்தை ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். சோபா விஷயத்தில், நாளை அந்த நாய் யார் வீட்டுக்குப் போகுமோ, அந்த வீட்டுக்காரர் முடிவு செய்துகொள்ளட்டும். ஏறக் கூடாது என்று பழகிய நாயை ஏறப் பழக்க ஒரு நிமிடம் போதும்.

கேள்வி: 8 மாதக் குட்டி. எல்லாம் கற்றுத் தேறியிருந்தது. இப்போது கூப்பிட்டால் வருவதில்லை. தினமும் பார்க்கும் குப்பைத்தொட்டியைப் பார்த்துக் குரைக்கிறது. என் வளர்ப்பில் கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை, வயசு. 6 மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் நடுவில் இது வரும், போகும். பழைய பொருட்களே புதுப் பூதங்களாகத் தெரிகிற காலம் இது.

மைனா இப்போது அதில்தான் இருக்கிறாள். எங்கள் தெருமுனையில் உறை போட்டு மூடிய ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். குட்டியாக வந்த நாளிலிருந்து அதைத் தாண்டித்தான் போகிறோம். சென்ற வாரம் காற்றில் அந்த உறை ஒரு ஓரம் தூக்கி அடித்தது. மைனாவின் முதுகில் கழுத்திலிருந்து வால்வரை மயிர் கோடாக நிமிர்ந்தது. உடம்பின் பாரம் முழுக்கப் பின்னங்காலில். வாய் மூடியிருக்க, தொண்டைக்குள் மட்டும் ஓர் உறுமல். நான் நின்றுவிட்டேன். இழுக்கவில்லை, 'ஒன்றுமில்லடி செல்லம்' என்று தடவிக்கொடுக்கவும் இல்லை. செய்ததெல்லாம் லீஷைத் தளர்த்தியதுதான். லீஷ் இறுகினால் பிடித்திருப்பவருக்கும் பயம் என்று நாய் எடுத்துக்கொள்ளும். மூன்று நான்கு அடி பின்வாங்கி, அவள் உறுமல் நிற்கும் தூரத்தில் நின்றோம். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்ததற்கு ஒரு துண்டு. மறுபடி வண்டி, மறுபடி நான், மறுபடி ஒரு துண்டு. கொஞ்ச நேரத்தில் அவளே ஓர் அடி முன்னே வைத்தாள். நேராகப் போகாமல் அரைவட்டமாகச் சுற்றி, கழுத்தை மட்டும் நீட்டி, டயரை முகர்ந்தாள். அப்புறம் உடம்பை ஓர் உதறு உதறினாள், குளித்துவிட்டு வந்ததுபோல. உதறிவிட்டால் முடிந்தது என்று அர்த்தம். நடையைத் தொடர்ந்தோம். மறுநாள் உறையை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

பயந்த பொருளின் பக்கத்தில் குட்டியை இழுத்துக்கொண்டு போவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. 'பயத்தைப் போக்குகிறேன்' என்று நல்லெண்ணத்தோடுதான் செய்வார்கள். குட்டிக்குப் பயத்தோடு உங்கள் மேல் அவநம்பிக்கையும் சேரும்.

கூப்பிட்டால் வராததற்கு: சாப்பாட்டு நேரத்தில் விசில் ஊதித் தட்டை வைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அதைக் கைவிட்டிருந்தால் மறுபடி தொடங்குங்கள். திறந்த வெளியில் கொஞ்ச காலம் நீளக் கயிறு. வராது என்று தெரிந்த நேரத்தில் பத்துத் தடவை கூப்பிட்டு உங்கள் குரலை மலிவாக்காதீர்கள். நடப்பதை ஒளிக்காமல் பள்ளியின் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். இந்த வயதில் குட்டி எதற்குப் பயந்தது, எவ்வளவு நேரத்தில் தெளிந்தது என்ற குறிப்பு பிறகு பயிற்சியாளர்களுக்கு ரொம்பப் பயன்படும். பயப்படாத நாய் என்று ஒன்று கிடையாது. சீக்கிரம் தெளிகிற நாயைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

கேள்வி: ஒரு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டு எப்படித்தான் தூக்கிக் கொடுக்கிறீர்கள்? எனக்கெல்லாம் மனசு வராது.

பதில்: ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி இதுதான். எனக்கும் மனசு வருவதில்லை. தேதி வருகிறது, கொண்டுபோய் விடுகிறேன். அழுகை வந்தால் அழுகிறேன். 'உங்களைப்போல எனக்கு அன்பில்லாமல் இருக்க முடியாது' என்கிற தொனியில் இதைக் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். குட்டி அதைப் பெரும்பாலும் நம்மைவிட நன்றாகவே சமாளிக்கிறது, நாம் ஒழுங்காக வளர்த்திருந்தால். பல இடங்களில் தூங்கி, பல கைகளிடம் சாப்பிட்டுப் பழகிய குட்டிக்குப் பள்ளியும் இன்னொரு இடம். சில நாள் தடுமாறும். கூண்டில் தனியே இருப்பது, வேறு ஆட்கள் பல்லையும் காதையும் பாதத்தையும் பிடித்துப் பார்ப்பது இதெல்லாம் முன்கூட்டியே பழகியிருந்தால் தடுமாற்றம் குறையும். உங்களைவிட்டு ஒரு நிமிடம்கூடப் பிரியாத குட்டியை வளர்த்தால், பிரிவின் விலையைக் கொடுக்கப்போவது அதுதான்.

ராக்கியை வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு முறை பார்த்தேன். பள்ளியின் விழாவில், ஹார்னஸோடு (வேலையின்போது நாயின் உடம்பில் மாட்டும், கைப்பிடி வைத்த பட்டை), தன் ஆளின் இடப்பக்கம் நின்றான். என் பக்கம் மூக்கைத் தூக்கினான், வால் இரண்டு ஆட்டம், அவ்வளவுதான். ஹார்னஸைக் கழற்றிய பிறகு என் மடியில் ஏறி உட்கார முயற்சி செய்தான், அந்த உடம்பை வைத்துக்கொண்டு. அப்புறம் அவர் நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டதும் என்னை விட்டுவிட்டு அங்கே போய்ப் படுத்துக்கொண்டான். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

கேள்வி: தேர்ச்சி பெறாத குட்டிகளை என்ன செய்வார்கள்?

பதில்: தெருவில் விடுவதில்லை, கவலை வேண்டாம். இடுப்பு மூட்டோ முழங்கை மூட்டோ சரியாக அமையாதது, விடாத தோல் அரிப்பு, கண் கோளாறு, அல்லது சத்தத்துக்குக் கூசுவது, மற்ற நாய்களைக் கண்டால் வேலையை மறப்பது என்று காரணங்கள் பல. எந்தப் பள்ளியிலும் எல்லாக் குட்டியும் தேறுவதில்லை. விலகியவை வேறு வகை உதவி நாய்களாகவோ, மோப்ப வேலைக்கோ, வீட்டு நாய்களாகவோ போகும். எங்கள் ஜூனோ அப்படி விலகியவள்தான். புறாவைக் கண்டால் அவளுக்கு வேறெதுவும் கண்ணில் படாது. எத்தனை பழக்கியும் அது போகவில்லை. வளர்த்தவரிடம்தான் முதலில் கேட்பார்கள். ஜூனோவை என் தங்கை வாங்கிக்கொண்டாள். இப்போது புறாக்களுக்குத்தான் நிம்மதி இல்லை.

கேள்வி: நான் பார்வையற்றவன், வழிகாட்டி நாயோடு வேலைக்குப் போகிறவன். நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் நாயின் தலையைத் தடவுகிறார்கள், நாக்கைத் தட்டிக் கூப்பிடுகிறார்கள். ஒரு முறை படிக்கட்டின் உச்சியில் நிற்கும்போது நடந்தது. வளர்ப்பவர்களே குட்டியை எல்லோரிடமும் கொஞ்சவிட்டுப் பழக்குவதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எழுதுங்கள்.

பதில்: நீங்கள் சொல்வது சரி, ஐயா. குட்டி, பயிற்சியில் இருப்பதைக் காட்டும் மேலங்கி போட்டுக்கொண்டு வெளியே வரும்போது பத்துப் பேர் கை நீட்டுவார்கள். வளர்ப்பவருக்கும் அது பெருமையாக இருக்கும். பத்துப் பேரிடமும் விட்டால், மனிதர் என்றாலே தன்னைக் கொஞ்ச வந்தவர் என்று குட்டி முடிவு செய்துவிடும். மேலங்கி இருக்கும்போது நான் அனுமதிப்பதில்லை. இல்லாதபோதும் நான்கு பாதமும் தரையில் இருந்தால்தான் கை படும், துள்ளினால் கை விலகும். இதை வந்தவரிடம் முன்பே சொல்லிவிடுவேன். முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும்.

மற்ற வாசகர்களுக்கு: ஹார்னஸில் இருக்கும் நாயைத் தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள், உற்றுப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், தின்ன எதுவும் நீட்டாதீர்கள். பேச வேண்டுமென்றால் ஆளிடம் பேசுங்கள், நாயிடம் இல்லை. அவர் வழி தடுமாறுவதுபோலத் தெரிந்தால் 'உதவி வேண்டுமா?' என்று கேளுங்கள். கேட்காமல் அவர் கையையோ ஹார்னஸ் பிடியையோ பற்றாதீர்கள். வேண்டும் என்றால் அவரே உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார், நாயின் பக்கம் போகாமல் அவருடைய வலப்பக்கம் நில்லுங்கள். உங்களிடம் நாய் இருந்தால் லீஷைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, 'இங்கே ஒரு நாயோடு நிற்கிறேன்' என்று குரல் கொடுங்கள். 'எங்கள் நாய் சாது, ஒன்றும் செய்யாது' என்று சொல்லிக்கொண்டே கிட்டே விடுபவர்கள்தான் அதிகம். தயவுசெய்து தள்ளிப் பிடியுங்கள்.